ஆயுத பூஜையும் ஐந்து வில்லைகளும்

நான் படித்தது தூசியை. சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். சாகப்போகிற சில நட்சத்திரங்கள் ஊதித் தள்ளும் தூசியில் மெக்னீசியமும் கந்தகமும் சேர்ந்த துகள் இருக்கிறதா என்பதுதான் என் முனைவர் பட்டக் கேள்வி. அங்கே போய் அள்ளிவர முடியுமா என்ன? அதே துகளை ஆய்வகத்தில் செய்து, அது எந்த அகச்சிவப்பு ஒளியை விழுங்குகிறது என்று அளந்து, தொலைநோக்கி காட்டுவதோடு ஒப்பிட வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் பின்பக்க அறைதான் என் ஆய்வகம். அந்தப் பொடிக்கு ஈரமே ஆகாது. மழைக்காற்று பட்டாலே அழுகிய முட்டை நாற்றம் விட்டுக் கெட்டுப்போகும். ஒன்றரை வருடம் தோற்றுத் தோற்று, ஐந்து வில்லைகளின் மேல் மெல்லிசாகப் படியவைத்திருந்தேன். வில்லைகள் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அவை உப்பில் செய்தவை, தண்ணீரில் கரையும். அளக்கும் கருவி பெங்களூரில் இருந்தது. அடுத்த வாரம் இரண்டு நாள் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். மார்ச்சுக்குள் ஆய்வு முடியாவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு.

அப்பா ராஜபாளையத்தில் பஞ்சு மில் தொழிலாளி. ஆயுத பூஜையன்று அவர் மெஷினில் ஒரு இழை பஞ்சைப் பார்க்க முடியாது. அந்த வருடம் என் மெஷினைப் பார்க்க வேண்டும் என்று பொரி, சந்தனம், குங்குமத்தோடு கிளம்பி வந்துவிட்டார். அவரை உட்காரவைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். எதையும் தொடாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. ஈரம் புகாமல் மூடிவைத்த ஜாடி திறந்திருந்தது. ஐந்து வில்லைகளும் மேஜைமேல் வரிசையாக, மங்கலாக, ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டோடு இருந்தன.

"எம்புட்டுத் தூசிட்டி இதுல! ஈரத்துணியப் போட்டு நல்லாத் துடைச்சிட்டேன்," என்றார் அப்பா. "என்னமோ நாறுது பாரு. எலி கிலி செத்துக் கெடக்கா?"

கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. உள்ளே எதுவோ மரத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

"பார்க்கிறேன்ப்பா," என்றேன். அவர் சூடம் காட்டினார். கும்பிட்டேன். பொரியை மென்றுகொண்டே இருந்தேன், விழுங்கத் தோன்றவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியரிடம், "கை தவறிடுச்சு சார்," என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுபடி பொடி செய்து முடிப்பதற்குள் மார்ச் போய்விட்டது.

வைகாசியில் கல்யாணம். அச்சகத்திலிருந்து அழைப்பிதழின் மாதிரியை அப்பா வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். "ஒம் பேருக்கு முன்னால டாக்டர்னு போடச் சொல்லிட்டேன்ட்டி. அம்புட்டுப் படிச்சிருக்கேல்லா?"

"வேண்டாம்ப்பா. எடுத்துரச் சொல்லுங்க."

"வெக்கப்படுதா பாரு," என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.