தாமல் ஏரிக்கரையில் நின்ற வண்டி

பாட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, வாஸ்லின் தடவ வேண்டும். பெட்ரோல் டாங்கில் ஊசிமுனை அளவு ஒழுக்கு கண்டால் சலவைச் சோப்பை ஈரமாக்கி வைத்து அழுத்தினால் போதும், பட்டறை வரை போய்ச் சேர்ந்துவிடலாம். ரேடியேட்டர் கசிந்தால் ஒரு பிடி மஞ்சள் தூள். இவையெல்லாம் பத்து வயது முடிவதற்குள்ளாகவே எனக்கு மனப்பாடம். இதை வைத்து எங்களுடையது வசதியான வீடு என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா வீட்டின் முன்கட்டில் இரண்டு தறி போட்டிருந்தார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தறிக்குழியில் உட்காரப் பொறுமை இல்லாமல், யாரோ ஓட்டித் தீர்த்த ஒரு பழைய கறுப்பு வண்டியை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்களைக் கடை கடையாகக் கொண்டுபோய் இறக்குவதுதான் அவருடைய முக்கியமான வேலை.

வண்டிக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் அவரிடம் யோசனை உண்டு. கதவு கீச்சிட்டால் எண்ணெய் விடக் கூடாது, தூசி ஒட்டும். பென்சில் கரியைத் தேய்க்க வேண்டும். கிணற்று ராட்டினத்துக்கு மட்டும் விளக்கெண்ணெய். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் துடைக்க வேண்டும். அம்மா சில நாள் பொறுமை இழந்து, "கொழம்புக்கு எத்தினி கல்லு உப்புன்னும் சொல்லிட்டுப் போப்பா" என்பாள். அவர் அதையும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம். தை மாதம் கல்யாணமாகித் தாமலுக்குப் போயிருந்த அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை, தலை ஆடிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்குக் கொண்டாட்டம். தெருவோரம் நிற்கும் வண்டிக்குள் இரண்டு பேரும் ஏறிக்கொள்வோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவள் பின்னால் சாய்ந்துகொண்டு, "திருப்பதிக்குப் போப்பா டிரைவர்" என்பாள். அந்தப் புழுக்கத்திலும் அவள் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கைதான் போட்டுக்கொண்டிருந்தாள். புது நாகரிகம் என்று நினைத்து எனக்கும் அப்படித் தைக்கச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன்.

ஆடி முடிந்து ஆவணியும் பிறந்தது. அத்தை புறப்படுகிற பேச்சையே எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா தறியை நிறுத்தாமலேயே சித்தப்பாவிடம் சொன்னார்.

"ஆடி முடிஞ்சி பதினஞ்சு நாளாச்சுடா. ஊர்ல ஒண்ணு ரெண்டு பேர் கேக்கறாங்க. கொண்டுபோய் வுட்டுட்டு வா."

அத்தை பையில் துணியை எடுத்து வைத்தாள். நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்து முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

வேலூர் சாலையில் வழி நெடுகச் சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. மாட்டு வண்டியைப் பார்த்தால்கூட அச்சுக்கு மை போடுவதைப் பற்றி ஏதாவது சொல்கிறவர். ஊரைத் தாண்டியதுமே வண்டியை ஓரங்கட்டி, சூடேறிவிட்டது என்றார். பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், வழக்கமான சூடுதான். தண்ணீர் ஊற்றினார், வெகு நிதானமாக. அத்தை இறங்கவில்லை. மறுபடி கிளம்பி, தாமல் ஏரிக்கரை வந்தபோது வண்டி இருமிவிட்டு நின்றேபோனது.

சித்தப்பா பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு அதன் முன்னால் வெறுமனே நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. ஒன்று ஊதுவார், இல்லை தட்டுவார், இல்லை திட்டுவார்.

அத்தை முகம் கழுவ ஏரிக்குள் இறங்கினாள். நானும் கூடவே போனேன். தண்ணீர் நனைத்துவிடாமல் அவள் ரவிக்கைக் கையை மேலே தள்ளிவிட்டபோது, முழங்கைக்குக் கீழே மூன்று தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்று இன்னும் சரியாக ஆறாமல் கறுத்திருந்தது.

"இன்னா அத்தை இது?"

"அடுப்பு சுட்டுடுச்சு."

தீக்காயத்துக்கும் சித்தப்பாவிடம் யோசனை உண்டு, அது எனக்குத் தெரியும். "பேனா மையெல்லாம் தடவக் கூடாது அத்தை. அடுத்த தடவை சுட்டுச்சுன்னா ஒடனே பச்சைத் தண்ணியில கைய வச்சிடு."

அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி கண்ணு" என்றாள்.

பின்னால் வாளி கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் மொள்ள வந்த சித்தப்பா எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அத்தை அவசரமாகக் கையை இறக்கினாள்.

"அடுப்பு இப்டி வரிசையா சுடுமா?" என்று கேட்டார் அவர். பிறகு என்னிடம், "நீ போயி வண்டியில உக்காரு பாப்பா" என்றார்.

திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தை கரைக் கல்லில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். சித்தப்பா எதிரில் குந்திக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வண்டி கெட்டுப்போய் நிற்கும்போது இவர்கள் இப்படிக் கதை பேசுகிறார்களே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. நானே கோளாறைக் கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

யாரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடாமலிருக்கச் சித்தப்பா ஓட்டும் சீட்டுக்கு அடியில் ஒரு திருகு வைத்திருந்தார். அதை மூடிவிட்டால் என்ஜினுக்குப் பெட்ரோல் வராது. குழாயில் மிச்சமிருப்பது தீரும்வரை கொஞ்ச தூரம் ஓடிவிட்டு வண்டி நின்றுவிடும். கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். திருகு இறுக்கி மூடியிருந்தது!

திறந்துவிட்டுக் கரையிலிருந்து கத்தினேன். "சித்தப்பா! திருகு மூடிக்கினு இருந்துது! தொறந்துட்டேன்! இனிமே வண்டி ஓடும்!"

இரண்டு பேரும் திரும்பினார்கள். அத்தை என்னைப் பார்த்தாள், பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள், வெகுநேரம். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "கால் பட்டு மூடிக்கிச்சு போல" என்றார். அழுது சிவந்திருந்த முகத்தோடு அத்தை சிரித்துவிட்டாள். எதற்கு அழுதாள், எதற்குச் சிரித்தாள் என்று எனக்குப் புரியவில்லை. டிரைவர் ஒருவர் தன் வண்டியின் திருகையே கவனிக்காமல் போனால் சிரிக்கத்தான் செய்வார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

சித்தப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "வண்டி ஓடுதாம்மா. எந்தப் பக்கம் ஓட்டட்டும், நீயே சொல்லு."

ஏரிக்கு அப்பால் பனைமரங்களுக்கு நடுவே தாமல் ஊர் தெரிந்தது. அத்தை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, "வீட்டுக்குப் போலாம் சின்னண்ணா" என்றாள்.

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்கு."

திரும்பும் வழியில் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை, டீக்கடையில் எனக்குப் பன் வாங்க நின்றதைத் தவிர. சித்தப்பாவுக்கும் பேச்சு வந்துவிட்டது. மழையில் வைப்பர் வேலை செய்யாவிட்டால் கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

வீட்டில் அப்பா தறிக்குழியிலிருந்தபடியே தலை நிமிர்ந்தார். அத்தை உள்ளே போவதைப் பார்த்தார்.

"இன்னாடா?"

"வண்டி கெட்டுப்போச்சு அண்ணா. ஏரிக்கரையத் தாண்டல. எப்டியோ உருட்டிக்கினு வந்து சேந்துட்டோம். சரி பண்ண நாளாவும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நெஜமாவா?"

வீட்டில் பொய் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால் சித்தப்பாவின் கதி என்ன ஆவது? ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் காலமெல்லாம் கேலி செய்வார்களே! பன்னின் சர்க்கரை உதட்டில் ஒட்டியிருக்க, அப்பாவை நேராகப் பார்த்துச் சொன்னேன்: "ஆமாம்பா. ரொம்பக் கெட்டுப்போச்சு."

அப்பா மறுபடி தறி நாடாவைக் கையில் எடுத்தார்.

வண்டி பத்து நாள் தெருவோரம் நின்றது. ஆவணி முகூர்த்தத்துக்குக் கூப்பிட வந்தவர்களை எல்லாம் சித்தப்பா திருப்பி அனுப்பினார். அத்தை ஏன் இன்னும் புறப்படவில்லை என்று கேட்டவர்களுக்கு அப்பாவே வண்டியைக் கைகாட்டினார். வெள்ளிக்கிழமை அம்மா அத்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். பாதியிலேயே எழுந்து, கையெல்லாம் எண்ணெயோடு முன்கட்டுக்குப் போய் அப்பாவிடம் ஏதோ சொன்னாள். பட்டப்பகலில் எங்கள் வீட்டுத் தறிச் சத்தம் நின்றது அன்றைக்குத்தான். மறுநாள் வண்டியில் சித்தப்பாவும் அப்பாவும் நெடுநேரம் உட்கார்ந்து பேசினார்கள். புதன்கிழமை காலை அப்பா சட்டை போட்டுக்கொண்டு தனியாகத் தாமல் பஸ்ஸுக்குப் போனார்.

மத்தியானம் மழையோடு திரும்பி வந்தார். கல்யாணத்தில் அத்தைக்குச் சீராகக் கொடுத்த டிரங்குப் பெட்டி அவர் தலைமேல் இருந்தது. அதைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, "இனிமே நீ அங்க போவ வேணாம்மா" என்றார். அவ்வளவுதான். அத்தை அப்புறம் போகவே இல்லை. படித்து, டீச்சர் வேலைக்குப் போய், அரைக்கை ரவிக்கையில் சாக்பீஸ் தூளோடு சாயங்காலம் வீடு திரும்பியதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு என் மனசில் இருந்தது வேறு. அப்பாவின் நெற்றியில் பெட்டியின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. ஓடுகிற வண்டி வாசலில் நிற்க, என் பொய்யால் அல்லவா அவர் பஸ் நிறுத்தத்திலிருந்து மழையில் பெட்டி சுமந்தார்! அவர் தலை துவட்டும்போது பக்கத்தில் போய் நின்றேன். அடி விழுந்தாலும் பரவாயில்லை.

"அப்பா, வண்டி நல்லாத்தான் இருக்குது. அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்மா."

"எப்டிப்பா?"

"நெஜமா கெட்டிருந்தா ஒங்க சித்தப்பன் பத்து நாளா பானெட்டத் தொறக்காம இருப்பானா?"

தெரிந்திருந்தால் ஏன் பஸ்ஸில் போனார்? எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொய்யை எல்லோரும் சேர்ந்து எதற்காகக் காப்பாற்றினார்கள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடி விழவில்லை என்ற நிம்மதியில், அவர் நீட்டிய ஈரத்துண்டை வாங்கிக் கொண்டுபோய்க் கொடியில் உலர்த்தினேன்.