முன்கண்ணாடியின் வலது மூலை

ஆர்டிஸ் க்வாமேவுக்கு அறுபத்தொன்றாவது வயதில் கோபம் வந்தது. அதற்கு முன்னால் வராமலா இருந்திருக்கும்? ஆனால் மேற்கு மினசோட்டாவில் கோபம் வந்தவர்கள் வெளியே போய்ப் பனியை வாரிக் கொட்டிவிட்டு வருவார்கள். அது வாய்வரை வராது.

கணவன் போன பிறகு அவள் பிழைப்பு ஊர் வாரப் பத்திரிகைதான். வியாழன்தோறும் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோய்ப் போட வேண்டும். வண்டி, ஐம்பத்தைந்தாம் வருஷத்துப் பிக்கப். முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங் வெடித்துப் பொரிந்து கிடந்தது. மழை பெய்தால் வலது மூலை வழியாக இறங்கும் தண்ணீர் நேராகப் பத்திரிகைக் கட்டின் தலையில் விழும். பத்திரிகைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்: "இன்னொரு வாரம் ஈரப் பேப்பர் போச்சுன்னா நான் வேற ஆள் பாக்கணும், ஆர்டிஸ். தப்பா எடுத்துக்காத."

புது ரப்பர் வாங்கிவிட்டாள். மாட்டும் வேலையும் தெரியும். ஆனால் வெளியே நின்று கண்ணாடியை அழுத்த ஓர் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ஓர் ஆளுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள்: பக்கத்துப் பண்ணை ஆர்வின், சர்ச் கமிட்டித் தலைவர் லைல் டோலெஃப்சன். லைலிடமும் இதே வருஷத்துப் பிக்கப் ஒன்று உண்டு. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்துக்கு மட்டும் போர்வையை விலக்கி வெளியே எடுப்பார்.

"நீ போய்க் காபி போடு, ஆர்டிஸ். இத நாங்க பாத்துக்கறோம்" என்றார் லைல்.

தன் கொட்டகை. தன் வண்டி. தன் காசில் வாங்கிய ரப்பர். போய்க் காபி போட்டாள்.

காபித் தட்டோடு திரும்பி வந்தபோது கண்ணாடியைக் கழற்றி எடுத்து, சட்டத்தைச் சுரண்டி முடித்திருந்தார்கள். வலது கீழ்மூலையில் மட்டும், யாரோ எப்போதோ அப்பிய பசை கல்லாக இறுகி, கொட்டைப்பாக்கு அளவில் புடைத்து நின்றது.

"அந்த மூலை... கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கே?" என்றாள். இந்த ஊரில் இதற்கு 'அடப்பாவிகளா, கண் அவிஞ்சா போச்சு' என்று அர்த்தம்.

"ரப்பர் மூடிக்கும்" என்றார் லைல்.

"அப்படின்னா சரி."

கண்ணாடியின் விளிம்பில் ரப்பரை மாட்டி, அதன் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவித் தூக்கி வைத்தார்கள். ஆர்வின் உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டே வந்தது. லைல் வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்டினார். வலது மூலைக்கு வந்ததும் 'டக்'கென்று ஒரு சத்தம். கண்ணாடியின் குறுக்கே விரிசல் ஓடியது.

ஆர்வின் கயிற்றை விட்டுவிட்டு வெளியே இறங்கினார்.

"இதவிட மோசமாக்கூட ஆயிருக்கலாம்" என்றார் ஆர்வின். பிறகு மெல்ல, "அந்தக் கட்டிய நான் பாத்தேன். சொன்னா லைல் சங்கடப்படுவாரேன்னு..."

"எனக்கும் ஒரு நிமிஷம் தோணிச்சு. நீ ஒண்ணும் சொல்லலையேன்னு விட்டுட்டேன்" என்றார் லைல்.

ஆர்டிஸ் காபித் தட்டைப் பானெட்டின் மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் மூன்று கோப்பையும் துள்ளின.

"மூணு பேர்! ஆறு கண்ணு! பாத்துட்டே ஒடைச்சிருக்கோம். உங்க மனசு நோகக் கூடாது, அவர் மனசு நோகக் கூடாது. என் பொழப்பு மட்டும் போகலாமா? என்னையும் சேத்துத்தான் சொல்றேன். கத்த வேண்டிய நேரத்துல காபித் தட்டத் தூக்கிட்டு நின்னேனே!"

லைல் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். "என்னால ஆகறது ஏதாவது இருந்தா சொல்லு, ஆர்டிஸ்."

இப்படி யாராவது கேட்டால் இரண்டு தரம் 'ஐயோ, வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரத்துக்குள் கேட்டவர் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். தலைமுறை தலைமுறையாக நடப்பது இதுதான்.

"இருக்கு. உங்க வண்டியோட முன்கண்ணாடி. இதே அளவுதான்."

லைல் உதவிக்கு ஆர்வினைப் பார்த்தார். ஆர்வின் காபியைப் பார்த்தபடி, "ஜூலைக்கு இன்னும் மாசக்கணக்கா இருக்கே, லைல்" என்றார்.

லைல் அதைக் கழற்றி எடுத்துவரப் போன பிறகு ஆர்டிஸ் உளியை எடுத்து அந்த மூலையைத் தானே செதுக்கினாள். விரலில் ஒன்றும் தட்டாத வரை விடவில்லை. மெத்தைவிரிப்பில் பிள்ளையைச் சுற்றுவதுபோல் சுற்றி லைல் கொண்டுவந்த கண்ணாடியைச் சட்டத்தில் வைத்தார்கள். இந்த முறை அவள் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தாள். "தட்டுங்க. அங்க இல்ல, இங்க! ஆர்வின், சும்மா நிக்காம காபியச் சூடு பண்ணுங்க."

வியாழன் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. சுற்று முடிந்து மிச்சக் கட்டோடு வந்தவளிடம் பத்திரிகைக்காரர் கட்டை வாங்கி மேல் தாளைத் தடவிப் பார்த்தார். மொறமொறவென்று இருந்தது.

"பரவாயில்லையே" என்றார்.

"பரவாயில்லையா?" ஆர்டிஸ் நகரவில்லை. "நல்லா இருக்குன்னு சொன்னா வாயி சுட்டுடுமா உங்களுக்கு?"