ஏற்றிவிடுகிற கை

இது நடந்தது. தேனி ஊருக்குள்ளேயே, நட்ட நடு மத்தியானத்தில் நடந்தது. பேய்க்கு ராத்திரி டூட்டி மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுப் பேசுங்கள்.

அல்லிநகரத்தில் எங்கள் தெரு ஜெபராணியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். ஒரு வருஷமாக அவள் யாருக்கும் கை கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் கை குலுக்கும்போது இவள் மட்டும் வலது கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு தலையை ஆட்டுவாள். தேமல் என்றார்கள் சிலர். கூச்சம் என்றார்கள் சிலர். ஜெபராணிக்குக் கூச்சமாம்! யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துதான் நான் அவளிடம் காரணத்தைக் கேட்டு வாங்கினேன். அதனால் ஒரே ஒருமுறைதான் சொல்வேன்.

பொன்னூஞ்சல் மால் ஞாபகம் இருக்கிறதா? மூன்று மாடி ஜவுளிக்கடை. தேனியில் எஸ்கலேட்டர் வைத்த கடை என்று கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். பாதிப் பேர் சேலை எடுக்கவில்லை, மாடிக்குப் போய்த்தான் வந்தார்கள். ஆனால் ஓடுகிற படியில் கால் வைக்கப் பயம். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். அதற்காகவே முதலாளி ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். கை பிடித்து ஏற்றிவிடுகிற வேலை. அனிதா மேரி, மார்க்கையன்கோட்டைப் பிள்ளை, இருபது வயசு.

"பயப்படாதீக. மொத வலது கால். நான் புடிச்சிருக்கேன்." மேலே போனதும், "இப்ப விட்டுருங்க." அவ்வளவுதான் அவள் பேச்சு. பிறகு மாடிப்படி வழியாகக் கீழே ஓடி வந்து அடுத்த கையைப் பிடிப்பாள். ஒரு நாளைக்கு முந்நூறு கை. உள்ளங்கை வேர்க்கக் கூடாது என்று இடுப்பில் ஒரு பவுடர் டப்பா வைத்திருப்பாள்.

நம்ம ஜெபராணி அங்கே பட்டுப் பிரிவு சூப்பர்வைசர். விரலில் பச்சைக்கல் மோதிரம். அதில் ஒரு கம்பி தூக்கிக்கொண்டு நிற்கும், பட்டில் மாட்டினால் நூல் இழுத்துவிடும். அதனால் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் வேலை பார்ப்பாள். வருஷக்கணக்கில் திருப்பித் திருப்பி, வீட்டிலும் அப்படியே போட்டிருக்கப் பழகிவிட்டது.

2019 ஆடித் தள்ளுபடி. கூட்டம் நெரிகிறது. மகள் நிச்சயத்துக்கு ஒரு மாம்பழக் கலர் பட்டின் மேல் ஜெபராணிக்குக் கண். தள்ளுபடி முடியும்வரை வேலை பார்க்கிறவர்கள் சரக்கை ஒதுக்கி வைக்கக் கூடாது, தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். அவள் அனிதா மேரியைக் கூப்பிட்டாள். "ஏ புள்ள, இதை மூணாவது மாடி வேட்டிக் கட்டுக்குள்ள சொருகிட்டு வா. ரெண்டே நிமிசம்."

அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு பாட்டி தனியாகக் கால் வைத்துவிட்டாள். விழுந்தாள். இடுப்பெலும்பு போனது.

"இங்கன நின்ன பொண்ணு எங்க?" என்று முதலாளி கடையே கேட்கக் கத்தினார். அனிதா மேரி ஜெபராணியைப் பார்த்தாள். ஜெபராணி சேலையைப் பார்த்தாள்.

"தெரியலண்ணே. போனைப் பாத்துக்கிட்டு எங்கிட்டாவது நின்னிருப்பா."

அந்தப் பிள்ளை அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கே கழுத்து அட்டையைக் கழற்றி வாங்கி அனுப்பிவிட்டார்கள். மாம்பழக் கலர் பட்டில் நிச்சயம் ஜாம்ஜாம் என்று நடந்தது. நானே போய் அப்பளம் பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அப்புறம் காலம் மாறியது. சேலையை விரித்துப் போடச் சொல்வார்கள், போனில் போட்டோ எடுப்பார்கள், வீட்டுக்குப் போய் போனிலேயே வாங்கிவிடுவார்கள். கடைக்கு வந்தது ஏசிக் காற்றுக்குத்தான். முதலில் மூன்றாவது மாடியைப் பூட்டினார்கள். கரண்ட் செலவென்று எஸ்கலேட்டரை நிறுத்தினார்கள். போன வருஷம் கடையையே மூடினார்கள். கட்டடத்தை எடுத்தது யார் தெரியுமா? ஆன்லைன் பார்சல் கம்பெனிக்காரர்கள், குடோன் வைக்க!

'பழைய ஆட்கள் லாக்கரில் இருக்கிற சாமானை சனிக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளவும்' என்று தகவல் வந்தது. ஜெபராணிக்கு மூன்றாவது மாடி லாக்கரில் ஒரு டிபன் பாக்ஸும் குடையும் இருந்தன. சாமானை விட்டுக்கொடுக்கிற ஆளா அவள்? கிளம்பிவிட்டாள்.

சரியாக 1:08. வாட்ச்மேன் மொக்கைச்சாமி ஷட்டரை அரை ஆள் உயரத்துக்குத் தூக்கிவிட்டார்.

"மாடிப்படில ரேக்கைப் பூராம் அடுக்கிட்டாக ஆத்தா. எஸ்கலேட்டர்ல ஏறிப் போ. ஓடாது, சும்மா படிதான்."

குனிந்து உள்ளே போனாள். பகல் வெளிச்சம் கண்ணாடி வழியாக மங்கலாக விழுந்தது. எங்கே பார்த்தாலும் தூசி. சேலை கட்டாத பொம்மைகள் சுவர் பக்கம் திரும்பி நின்றன. யாரோ தண்டனை கொடுத்து நிறுத்திய மாதிரி.

1:13. எஸ்கலேட்டர் அடியில் வந்து நின்றாள். படியெல்லாம் விரல் கனத்துக்குத் தூசி. ஆனால் கீழே, வலது பக்கம், ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத் தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. கைப்பிடி ரப்பரும் அந்த இடத்தில் மட்டும் கறுத்து மின்னியது.

அனிதா மேரி நிற்கிற இடம்.

மொக்கைச்சாமி பெருக்கியிருப்பார் என்று ஜெபராணி நினைத்தாள். அப்போது வாசனை வந்தது. பவுடர் வாசனை. மூடிக் கிடந்த கட்டடத்தில்... புதுசாக.

வலது காலைத் தூக்கினாள்.

சில்லென்று ஒரு கை அவள் வலது கையைப் பிடித்தது.

ஆள் இல்லை. கைதான் இருந்தது. ஐந்து விரல், வழவழப்பான உள்ளங்கை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.



க்ளிக்...

கிர்ர்ர்ர்...

படி நகர்ந்தது.

ஒவ்வொரு படியிலிருந்தும் தூசி உதிர்ந்தது. பொம்மைகள் கீழே இறங்கிப் போயின. ஜெபராணி மேலே போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கை இழுக்கவில்லை, நெரிக்கவில்லை. பாட்டிகளைப் பிடிக்கிற மாதிரி... பதமாகப் பிடித்திருந்தது.

அதுதான் தாங்கவில்லை என்றாள் என்னிடம்.

மேலே வந்தது. படி நின்றது. அந்தக் கை தளர்ந்தது. போகப் பார்த்தது.

ஜெபராணி விடவில்லை.

பேயின் கை என்று தெரியும். ஆனாலும் விட்டால் விழுந்துவிடுவோம் என்று பயம். இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். அந்தக் கை முறுக்கியது... துடித்தது...

சட்டென்று ஒன்றுமில்லை.

வெறும் கை.

மணி 1:16.

டிபன் பாக்ஸாவது குடையாவது! உட்கார்ந்து உட்கார்ந்து படியிறங்கி ஷட்டருக்கு வெளியே வந்து விழுந்தாள். மூச்சு வாங்க மொக்கைச்சாமியிடம் கேட்டாள்.

"கரண்டை ஏம்ப்பா போட்டீக?"

"கரண்டா? ஃபியூஸைப் புடுங்கி மூணு மாசமாச்சு ஆத்தா."

"அனிதா மேரி... செத்துட்டாளா?"

"ஏன் இப்படிக் கேக்குற? ஊர்ல நல்லாத்தான இருக்கா."

ஜெபராணி உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். வெள்ளையாகப் பவுடர்.

அடுத்த நாள் ஞாயிறு. ஆராதனைக்குக்கூடப் போகாமல் மார்க்கையன்கோட்டைக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். 'அன்னைக்கு ஒன்னைய மேல அனுப்புனது நாந்தான். மன்னிச்சிரு.' அதைச் சொல்லிவிட்டால் போதும். சின்னமனூர் தாண்டும்போது மனப்பாடமே ஆகிவிட்டது.

வாசலில் நாலு படி ஏறி வீடு. அனிதா மேரியின் அம்மா அமுதா வரவேற்றாள். சூப்பர்வைசர் அக்கா வீடு தேடி வந்திருக்கிறார்கள் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அனிதா மேரி டீ கொண்டு வந்தாள்.

இடது கையால்.

வலது கை மணிக்கட்டுக்கு மேலே முடிந்திருந்தது.

"ஒங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றாள் அமுதா. "மால்ல இவ கவனமில்லாம நின்னு ஒரு கெழவி விழுந்துருச்சுல்ல. அந்தப் பேரு பரவி எந்த ஜவுளிக்கடையிலயும் இவளைச் சேக்கல. நூல் மில்லுக்குப் போனா. மெசின் கையை இழுத்துருச்சு. ரெண்டாயிரத்து இருவத்தொன்னுல."

கவனமில்லாமல் நின்றாளாம். பெற்ற தாயிடம்கூட அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லவில்லை.

இதுதான் நேரம். ஜெபராணி வாயைத் திறந்தாள். அமுதாவின் முகத்தைப் பார்த்தாள்.

"டீல சீனி தூக்கலா இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் வந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாய்!

அனிதா மேரி சிரித்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் போன கை இன்னும் இருக்குற மாதிரியே இருக்கும்க்கா. டாக்டர்கூட அப்படித்தான் இருக்கும்னாக. ஆனா நேத்து ரொம்பப் படுத்திருச்சு. மத்தியானம் ஒன்னேகால் இருக்கும். யாரோ கெட்டியாப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டாக. உள்ளங்கையில கல்லு மாதிரி என்னமோ குத்துச்சு."

ஜெபராணி குனிந்து பார்த்தாள். மோதிரக் கல் உள்பக்கம் திரும்பியிருந்தது.

கையை முந்தானைக்குள் விட்டாள்.

"வாரேன்" என்று எழுந்தாள். வாசலில் நாலு படி. முதல் படியிலேயே தயங்கி நின்றாள். அனிதா மேரி பக்கத்தில் வந்து, பழைய பழக்கத்தில், இல்லாத கையை நீட்டினாள்.

"பயப்படாதீக. மொத வலது கால்."

முந்தானைக்குள்ளே...

சில்லென்று...

ஐந்து விரல்.

ஒரு படி. இரண்டு படி. மூன்று. நாலு.

தரைக்கு வந்தாயிற்று.

அனிதா மேரியின் முகம் சுருங்கியது. அம்மாவுக்குக் கேட்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"இப்ப விட்டுருங்கக்கா... வலிக்குது."