குடிக்காதவரின் ஈரலும் முரசும்

ஜெகதீஸ்வரன் குடிக்கமாட்டார். ஒஸ்லோவில் இருக்கிற யாழ்ப்பாணத்து ஆட்களில் பாதிப் பேருக்கு அவர் எந்த ஊர், யாருடைய மகன் என்பது தெரியாது. இது மட்டும் எல்லாருக்கும் தெரியும். பிறந்தநாளோ கல்யாணவீடோ, எந்த மண்டபத்திலும் ஒலிவாங்கியைக் கையில் எடுப்பவர் அவர்தான். வெளியே கார் தரிப்பிடத்தில் டிக்கியைத் திறந்து வைத்துக் குடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்துக்கு இரண்டு குத்தல் வார்த்தை விடாமல் அவர் மேடையை விட்டு இறங்கியதே கிடையாது. "வெளியில நிண்டு மருந்து குடிக்கிற நோயாளியள் தயவுசெய்து உள்ளுக்கு வந்து சாப்பிடவும்" என்பார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நோயாளிகளும் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஈரலில் வருத்தம் வந்தது. ஆண்டவனுக்கும் சில நேரம் பகிடி விடத் தோன்றுகிறது போல.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மாரிகாலத்தில் உடம்பு கடித்து அரித்தது, களைத்தது, கண் மஞ்சளித்தது. மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு ஓட்டோஇம்யூன் ஹெப்பற்றைற்றிஸ் என்றார்கள். உடம்பைக் காவல் காக்கவேண்டிய படை, தன்னுடைய ஈரலையே எதிரி என்று நினைத்து அடிக்கிற வருத்தம். ஏன் வருகிறது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஈரலில் ஏற்கனவே நிறையத் தழும்பு விழுந்துவிட்டதாகவும், ஒழுங்காக மருந்து எடுத்தால் இன்னும் நெடுநாள் நன்றாக இருக்கலாம் என்றும் வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எல்லாவற்றையும் கேட்ட ஜெகதீஸ்வரனின் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். ஈரல் பழுது என்று சொன்னால் எங்கள் சனம் அடுத்த கேள்வி கேட்குமா? கேட்காது. போத்தலைத்தான் நினைக்கும். 'மேடையிலை நிண்டு எங்களுக்குப் புத்தி சொன்னவர், வீட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சு அடிச்சிருக்கிறார்' என்று ஒரே நாளில் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து லில்லெஸ்ட்ரோம் வரை கதை ஓடிவிடும்.

ஆகவே வீட்டில் அவரும் மனைவி கமலேஸ்வரியும் தவிர யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவாயிற்று. முடிவெடுத்தவர் அவர். கமலேஸ்வரி வாயை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். மருந்தினால் கன்னம் உப்பியபோது, வசதி வந்து ஆள் பூரித்துவிட்டார் என்று சனம் பேசிக்கொண்டது. அதை அவர் மறுக்கவில்லை.

வேலை பஸ் ஓட்டுவது. ஒவ்வொரு நாள் காலையும் பஸ்ஸைக் கிளப்புமுன் ஒரு குழாயில் ஊதவேண்டும். மூச்சில் மது இல்லை என்று பெட்டி ஒப்புக்கொண்டால்தான் என்ஜின் இயங்கும். அந்தப் பெட்டி ஒருநாளும் அவரைச் சந்தேகப்பட்டதில்லை. அது கதைக்கமாட்டாது என்பதுதான் அவருடைய ஒரே குறை.

அந்தக் குழாயின் வாயில்தான் முதன்முதலில் இரத்தத்தைக் கண்டார். பல்லின் ஈறு, எங்கள் ஆட்கள் சொல்கிற முரசு, ஊதும்போது கசிந்திருக்கிறது. சட்டென்று துடைத்துவிட்டார். பிறகு தலையணையில் கண்டார். பாண் ரொட்டியைக் கடித்தால் அதில் சிவப்பு. பல் தீட்டினால் தொட்டி முழுக்கச் சிவப்பு. தூரிகை பட்டுத்தான் முரசு புண்ணாகிறது என்று அவரே தனக்கு வைத்தியம் சொல்லி, தூரிகையை நிறுத்திவிட்டு விரலில் உப்பைத் தொட்டுத் தேய்த்தார். கராம்பை வாயில் அடக்கிக்கொண்டு தூங்கினார். அவர் எவ்வளவுக்குத் தீட்டாமல் விட்டாரோ அவ்வளவுக்கு அழுக்குப் பிடித்து முரசு வீங்கியது. இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியது. அடியில் சீழ் வேறு. வாய் எந்நேரமும் காய்ந்துபோய், மேடையில் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு மிடறு தண்ணீர் தேவைப்பட்டது. பல் வைத்தியரிடம் போய் நாலு வருடம். போனால் என்ன வருத்தம், என்ன மருந்து என்று கேட்பார்களே!

கமலேஸ்வரி எத்தனை நாளைக்குத்தான் இடியப்பத்தைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பார்? ஒருநாள் அவரிடம் கேட்காமலே நாள் குறித்துவிட்டு வந்தார். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சாருகாவைக் கண்டாராம். அவளே இடம் ஒதுக்கித் தருவதாகச் சொன்னாளாம்.

இதைக் கேட்ட ஜெகதீஸ்வரனுக்கு ஆடுகிற பல்லோடு சேர்ந்து தலையும் ஆடியது. சாருகா லில்லெஸ்ட்ரோமில் பல் வைத்தியர், இங்கேயே பிறந்து படித்த கெட்டிக்காரப் பிள்ளை, அதெல்லாம் சரி. ஆனால் அவள் இரத்தினவேலின் மகள். இரத்தினவேலும் ஜெகதீஸ்வரனும் இருபது சொச்சம் வயதில் ஒன்றாக வந்து, வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் ஒன்றாக மீன் வெட்டி, ஒரே அறையில் படுத்து எழும்பியவர்கள். பிறகு ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார், மற்றவர் போத்தலைப் பிடித்தார். கார் தரிப்பிடத்துக் கூட்டத்தின் தலைவரே இரத்தினவேல்தான். அவருடைய மகளிடம் போய் ஈரலைப் பற்றி வாய் திறப்பதா? 'உள்ளதெல்லாம் சொல்லுங்கோ' என்று கமலேஸ்வரி படித்துப் படித்துச் சொன்னார். ஓம் ஓம் என்று ரயில் ஏறியவர், போகும் வழியிலேயே மனதை மாற்றிக்கொண்டார். வலிப்பது பல். பல்லுக்கும் ஈரலுக்கும் என்ன சொந்தம்?

கதிரையில் சாய்ந்ததும் சாருகா கேட்டாள், ஏதாவது வருத்தம் இருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை என்றார். மருந்து? வைற்றமின் என்றார். வாய் கூசாமல் சொன்ன பொய்யை அந்த வாயே காட்டிக்கொடுத்தது. சாருகா கம்பியால் முரசை மெல்லத் தொட்டாள். இரத்தம் வந்தது. பஞ்சை வைத்தாள். பஞ்சு நனைந்தது. வேறு பஞ்சு வைத்தாள். அதுவும் நனைந்தது. கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு, முகமூடியைக் கழற்றி, அவர் எந்தக் கேள்விக்குப் பயந்து இத்தனை வருடம் ஓடினாரோ அதையே கேட்டாள்.

"மாமா, நீங்கள் குடிக்கிறனீங்களோ?"

நெஞ்சில் கட்டிய தாளோடு ஜெகதீஸ்வரன் எழும்பிவிட்டார். "அதைப் போய் உன்ரை கொப்பரிட்டைக் கேள்" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. ஆனால் அவள் கோபிக்கவில்லை.

"அப்பாவிட்டையும் கேட்டிருக்கிறன். இந்தக் கதிரையிலை இருக்கிற எல்லாரிட்டையும் கேக்கிறனான். ஒரு முரசு சும்மா இப்பிடி வடியாது, மாமா. உங்கடை இரத்தம் உறையிறதிலை ஏதோ பிழை இருக்கு. அது தெரியாமல் நான் இந்தப் பல்லைப் பிடுங்கினால், பிறகு நிப்பாட்டேலாமல் போகலாம். எனக்குப் பயமாக் கிடக்கு."

படித்த வைத்தியர் ஒருவர் தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி அவர் கேட்டதில்லை. மனைவியைத் தவிர தனக்காக இன்னொருவர் பயப்படுவதையும் அவர் நெடுநாளாகக் கண்டதில்லை. திரும்பக் கதிரையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். கண்ணீர் வந்தது. அதற்கும் பல்வலிதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். கடைசியில், கொப்பருக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை என்று கையைப் பிடித்தார்.

"எனக்கு தவ்ஸ்ஹெட்ஸ்ப்ளிக்ட் இருக்கு, மாமா. இஞ்சை கதைக்கிறது இந்தக் கதவைத் தாண்டாது" என்றாள் சாருகா.

பல்லுக்கும் ஈரலுக்கும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று அன்றைக்கு அவர் படித்தார். இரத்தத்தை உறையவைக்கும் பொருட்களை ஆக்குவதே ஈரல். தழும்பு விழுந்த ஈரலுக்கு அது சரிவர முடிவதில்லை. அதோடு மண்ணீரலும் வீங்கி, உறைவதற்கு உதவுகிற நுண்தட்டுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வருத்தத்தை அடக்க எடுக்கிற மருந்து எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்குவதால், வாயில் கிருமி குடியேறினால் தட்டிக்கேட்க ஆளில்லை. எலும்புக்கென்று அவர் விழுங்குகிற குளிசையைக்கூடப் பல் பிடுங்குமுன் வைத்தியர் அறிந்திருக்கவேண்டுமாம். பல்வலிக்குக் கடையில் அவர் வாங்கிப் போட்ட மாத்திரையின் பெயரைக் கேட்டதும் சாருகா தலையில் கை வைத்தாள். இந்த ஈரலோடு அதைப் போட்டு வயிற்றில் இரத்தம் கசியாமல் தப்பியது பெரிய காரியம் என்றாள்.

அன்று பல்லைப் பிடுங்கவில்லை. அவர் முன்னாலேயே மருத்துவமனை ஈரல் வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினாள். இரத்தம் சோதித்து, முடிவு வந்து, அங்கிருந்து சம்மதமும் கிடைத்த பிறகு ஒரு காலைநேரம் வரச்சொன்னாள். பல் சுலபமாக வந்தது. குழியில் மருந்து வைத்துத் தைத்து, இரத்தம் உறையவைக்கும் தண்ணீரில் நனைத்த துணியைக் கடிக்கச் சொன்னாள். இரத்தம் நின்ற பிறகும் ஆளை விடவில்லை. அடுத்த அறையில் இருத்தி வைத்து, மற்றவர்களைப் பார்க்கிற இடைவெளியில் எல்லாம் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் விடியவே தொலைபேசியில் கூப்பிட்டு, தலையணையில் இரத்தம் இருந்ததா என்று கேட்டாள். தொலைபேசியை வாங்கி, இல்லை என்று சொன்னவர் கமலேஸ்வரி.

அங்கே பல் சுத்தம் செய்கிற எமிலியா, இரத்தம் வருகிறது என்று தூரிகையை நிறுத்தாதே, வருவதால்தான் விடாமல் தீட்டவேண்டும் என்று கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பழக்கினாள். பூப்போல மெதுவான தூரிகை. பல்லுக்கு இடையில் நுழைக்கக் குட்டித் தூரிகை. காய்ந்த வாய்க்கு அடிக்கடி தண்ணீர். கத்தரிப்பூ நிறத்தில் கிடந்த முரசு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிறத்துக்கு வந்தது. ஈரல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அப்பிளை நாலாக வெட்டிக் கடித்துத் தின்ன முடிகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டே கமலேஸ்வரி சாருகாவை வாழ்த்துவார்.

ஜெகதீஸ்வரனும் வாழ்த்தினார். ஆனாலும் மனிதப் புத்தி பொல்லாதது. வழியில் யாராவது சுகம் விசாரித்தால், இவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்று முகத்தைப் பார்ப்பார். தகப்பனிடம் ஒரு மகள் எத்தனை நாளைக்கு மறைப்பாள்?

ஸ்ட்ரோம்மனில் ஒரு கல்யாண வரவேற்பு வந்தது. வழமைபோல ஒலிவாங்கி அவர் கையில். அறிவிப்பு எல்லாம் முடிந்தது. நோயாளிகளைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. சாருகாவின் சுருங்கிய முகம் ஞாபகத்தில் நின்றதால் அந்தப் பகிடி தொண்டைக்குள்ளேயே கிடந்துவிட்டது. இறங்கி வெளிக்காற்றுக்கு வந்தார். கார் தரிப்பிடத்தில் இரத்தினவேல் தனியாக நின்றார்.

என்ன மச்சான், இன்றைக்கு எங்களை மறந்துவிட்டாய் என்று அவர் சிரித்தார். சுற்றி வளைத்து ஜெகதீஸ்வரன் சாருகாவின் வேலையைப் பற்றிக் கேட்டார். இரத்தினவேலின் சிரிப்பு மங்கியது.

"எனக்கென்ன தெரியும்? வீட்டிலை வேலையைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கமாட்டாள். சொல்லக்கூடாதெண்டு சட்டமாம். சரி, ஆக்களைப் பற்றிச் சொல்லவேண்டாம். எனக்குப் பல்லும் வாயும் விளங்காது. அவள் நல்லா வேலை செய்யிறாளோ எண்டாவது ஆரும் சொன்னால் காணும். குடிகாரன்ரை மகளிட்டை எங்கடை சனம் போகுதோ எண்டுகூட எனக்குத் தெரியாது, மச்சான்."

ஜெகதீஸ்வரன் திகைத்துப்போனார். இத்தனை மாதமும் அவள் சொந்தத் தகப்பனிடம்கூட மூச்சு விடவில்லை. அவள் எப்படி வேலை செய்கிறாள் என்பது இந்த மண்டபத்தில் அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதைச் சொல்வதென்றால் ஈரலையும் சொல்லவேண்டும். சொல்லாமல் உள்ளே போகவும் வழி திறந்தே இருந்தது. பிள்ளை தன் பங்குக்குக் கதவை இறுகப் பூட்டி வைத்திருந்தாள்.

அவர் சொன்னார். ஈரலைச் சொன்னார், தான் சொன்ன பொய்யைச் சொன்னார், 'கொப்பரிட்டைக் கேள்' என்று வாய் தவறியதையும் ஒளிக்காமல் சொன்னார். பிள்ளை தனக்குப் பயமாகக் கிடக்கு என்றதையும், பல் பிடுங்கிய நாளையும், மறுநாள் விடிய வந்த தொலைபேசியையும் சொன்னார். "உன்ரை பிள்ளையாலைதான் நான் இண்டைக்கு நிண்டு கதைக்கிறன்" என்றார்.

இரத்தினவேல் கையிலிருந்த குவளையைக் கார்மேல் வைத்தார். இப்போது ஈரல் எப்படி என்றுதான் முதலில் கேட்டார்.

"முப்பது வருசமா நீ மைக்கிலை என்னைப் பகிடி பண்ணேக்கை நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். ஏனெண்டால் நீ என்ரை ஆள். உன்ரை வருத்தத்தைக் கேட்டு நான் சிரிப்பன் எண்டு எப்பிடியடா நினைச்சனி?"

ஜெகதீஸ்வரன் நண்பனின் தோளைப் பிடித்தார். உள்ளே சாப்பாட்டுக்கு அழைக்கும் சத்தம் கேட்டது. இருவரும் அசையவில்லை.

"பயமாக் கிடக்கெண்டு சொன்னவளோ?" என்று இரத்தினவேல் மெல்லக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. "திரும்பச் சொல்லு, மச்சான். ஆறுதலாச் சொல்லு."

ஜெகதீஸ்வரன் முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார்.