முழுக்கைச் சட்டை

எண்பது வயதைத் தாண்டியபின் அப்பாவின் முன்கைகளில் கருஞ்சிவப்புத் திட்டுகள் வர ஆரம்பித்தன. ஆட்டோவில் ஏற்றிவிட நான் கையைப் பிடித்தாலே போதும், மறுநாள் அந்த இடத்தில் ரத்தம் கட்டியிருக்கும். அவருக்கு வலி தெரியாது. எனக்குத்தான் அவரைத் தொடவே பயமாகிவிட்டது.

குரோம்பேட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "வயசானா தோல் மெலிஞ்சிடும்மா. லேசா அழுத்தினாலே உள்ள ரத்தம் கசியும். உங்க தப்பு இல்ல. தினம் க்ரீம் தடவுங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அஸ்தினாபுரத்தில் எங்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும், ஒரு அக்கா அப்பாவின் கைகளைப் பார்த்துவிட்டார். "என்ன அங்கிள், இப்படிக் கன்னிப்போயிருக்கு? வீட்ல உங்கள நல்லா பாத்துக்கறாங்களா?" என்று கேட்டபடியே என் பக்கம் திரும்பினார். "இவ பிடிக்கலன்னா நான் எப்பவோ விழுந்திருப்பேம்மா" என்றார் அப்பா.

அடுத்த வாரம், மே மாத வெயிலில், முழுக்கைச் சட்டை எடுத்துத் தரச் சொன்னார்.

"எதுக்குப்பா இந்தப் புழுக்கத்துல?"

"உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதும்மா."

சர்ச் படியில் நான் நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பற்றி, மூச்சு வாங்க வாங்கத் தனியாக ஏறினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அதன்பின் ஓராண்டுதான் இருந்தார். நாலு பேர் பார்க்கும் இடத்தில் என் கையை அவர் மறுபடி பிடிக்கவே இல்லை.