தபாலில் போன மலாய்ப் பாடம்

மலாயா சுதந்திரம் அடைந்த மெர்டேக்காவுக்குப் பிறகு, குடியுரிமை கேட்டுப் போனவர்களை அதிகாரி மலாயில் நாலு கேள்வி கேட்டார். அதற்காகவே மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு வாத்தியார் தபால் வழி மலாய்ப் பாடம் நடத்தினார். நான் நான்காம் வகுப்போடு நின்றவன். லாரியிலும் மீன் சந்தையிலும் திரிந்து மலாய் பழகியவன். பாடத்தை சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் சுற்றி எடுத்து, உறையில் போட்டு, வருகிற விடைகளைத் திருத்தும் வேலையை எனக்குக் கொடுத்தார்; மதிப்பெண் போடுவது மட்டும் அவர். படுத்துக்கொள்ள ஒரு பெஞ்சும் கிடைத்தது.

இரண்டு தெரு தள்ளியிருந்து பாடம் வாங்கிய டோபிக்குக்கூட உறையைக் கையில் கொடுக்க வாத்தியார் விடமாட்டார். "தபால் பாடம்னா தபால்லதான் போகணும்."

அந்த டோபி எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு. அழகான கையெழுத்து. ஒருநாள் காலையில் துணி மூட்டையோடு வந்து நின்றார்.

"என்னண்ணே பாடம் நடத்துறீங்க? 'அனாக் பெராப்பா'ன்னு கேட்டாரு அந்த ஆபிசரு. எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டிருக்காரு. வெளிய வந்தப்புறம்தான் வெளங்குச்சு. அஞ்சு பெத்து வச்சிருக்கேன், வாயே திறக்கல! மூணு மாசம் கழிச்சு வரச்சொல்லிட்டாரு. அப்பவும் முழிச்சா, ஃபாரம் குப்பைக்குத்தான்."

"விடையெல்லாம் யாரு எழுதுனது?"

"பக்கத்து வீட்டு செட்டியம்மா."

மலாக்கா செட்டிகள் சாமி கும்பிடுவது நம்மைப் போல. வீட்டில் பேசுவது மலாய்; தமிழ் எழுதத் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க மலாய் ஒலிக்கிறது. இவர் தாளை நீட்டிவிட்டு இஸ்திரி போடப் போயிருக்கிறார்.

"அந்தம்மாகிட்ட என்னதான் பேசுவீங்க?"

"சிரிப்பேன்ணே."

யாரும் எழுதிக் கொடுக்க முடியாத பாடம் வேண்டும் என்று வாத்தியாரிடம் சொன்னேன்.

"இலக்கணம் இல்லாம பாடமா? நாலாவது படிச்சவன் எனக்குச் சொல்றியா?"

அவர் பள்ளிக்கூடம் போனதும் நானே ஸ்டென்சில் வெட்டினேன். பக்கத்து வீட்டில் இன்று என்ன சமையல் என்று மலாயில் கேளுங்கள். அவர்கள் சொன்னதைத் தமிழில் எழுதுங்கள். வாரா வாரம் இப்படி ஒரு கேள்வி.

டோபியின் விடைகள் கோணல் எழுத்தில் வந்தன. மீன், புளி, பிளாச்சான் என்கிற இறால் விழுது. பிறகு செட்டியம்மாவின் முட்டிவலி, மருமகளோடு சண்டை. வாத்தியார் பார்த்துவிட்டு, "இது விடையா, வம்பா?" என்று முப்பது போட்டாரே தவிர, பாடத்தை நிறுத்தவில்லை.

மூன்று மாதம் கழித்து டோபி வந்தார். இந்த முறை ஐந்து பிள்ளைகளையும் பேர் பேராகச் சொல்லி, அதிகாரியின் சட்டைக் காலரில் கஞ்சி போதவில்லை என்றும் மலாயிலேயே சொல்லிவிட்டு வந்திருந்தார். விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது.

நான் கைகொடுக்க எழுந்தேன். அவர் திருத்திய தாள்களை மேசைமேல் போட்டார்.

"செட்டியம்மா எழுதுனா நூறு, நானே எழுதுனா முப்பதா? வாத்தியாரக் கூப்பிடுங்கண்ணே!"