அதே சுவரில் இரண்டாம் முறை

கல் ஒட்டும் வேலையில், கல் நிற்கும்வரை நம் பெயர் யாருக்கும் தெரியாது. விழுந்த அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிடும். வெயிலில் நின்று கல் ஒட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஐந்து உருண்டை

சிங்கப்பூரில், கிளமெண்டியில் ஒரு குடியிருப்புப் பேட்டை. நுழைவாயிலில் பேட்டையின் பெயர் தாங்கிய சுவர். அதற்குக் கிரானைட் கல் ஒட்டப் போனேன். மேற்பார்வையாளர் குமரேசன் என்னைவிட இருபது வயது இளையவன். கல்லுக்குப் பின்னால் மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என ஐந்து உருண்டைக் கலவை வைத்து அப்பச் சொன்னான். ஒரே நாளில் முடிந்துவிடுமாம். வெளிச்சுவருக்கு அது ஆகாது, இடைவெளியில் மழைத்தண்ணீர் புகுந்து கல்லைத் தள்ளிவிடும் என்றேன்.

"ஒட்டுனா நிக்கும் லா அண்ணே. நீங்க என்ன இன்ஜினியரா?" என்றான். அவன் சொன்னபடியே ஒட்டினேன்.

ஏழு கல்

அடுத்த மழைக்காலத்தில் ஏழு கல் விழுந்தன. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. குமரேசன் எழுதிய அறிக்கை இங்கிலீஷில் இருந்தது. எனக்குப் படிக்க வராது. படித்துச் சொன்னவர், "தொழிலாளியின் கவனக்குறைவு" என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினார்.

மறுநாள் தேக்கா சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். என்னோடு பல வருடம் வேலை பார்த்த செல்வம் மேசையிலிருந்தே கத்தினான்: "டேய், அண்ணன் வர்றாரு, தலையப் பாத்துக்கங்கடா!"

பிய்த்துப் பார்த்தது

சுவரின் கல் முழுவதையும் மாற்றச் சொன்னது பேட்டை நிர்வாகம். நானே செய்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். 'என் தப்பு' என்று குமரேசன் வாயால் வர வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

பழைய கலவையை ஒரு பொட்டு விடாமல் சுரண்டினேன். புதுக் கலவையைச் சுவரிலும் தடவினேன், கல்லின் முதுகிலும் தடவினேன். மழை வந்தால் கித்தான் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவ்வப்போது ஒட்டிய ஈரத்திலேயே ஒரு கல்லைப் பிய்த்து, கலவை முதுகு முழுக்கப் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி தடவி ஒட்டினேன். தினமும் காய்கறிப் பையோடு போகும் பேட்டைக்கார அம்மா ஒருவர் இதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏன் அங்கிள், வீட்ல சண்டையா? கோவத்தக் கல்லு மேல காட்டுறீங்க!"

ஒரு வெள்ளி நாணயம்

நன்றாகக் காய்ந்த பிறகு குமரேசன் பரிசோதிக்க வந்தான். ஒரு வெள்ளி நாணயத்தை, அதாவது ஒரு டாலர் காசை, அவன் கையில் கொடுத்து, ஒவ்வொரு கல்லையும் தட்டச் சொன்னேன். பின்னால் வெற்றிடம் இருந்தால் டொக்கென்று கேட்கும். வெயிலில் மேலிருந்து கீழ்வரை தட்டினான். எல்லாக் கல்லும் கெட்டியாகவே சத்தம் கொடுத்தன. நாணயத்தைத் திருப்பிக் கொடுத்தான். சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் காத்திருந்தேன்.

"சூப்பர்ணே. இதையே மொத தடவையே பண்ணியிருக்கலாம்ல?"

அந்தச் சுவரில் இனி எந்தக் கல்லும் அசையாது. குமரேசன்மேல் எனக்கிருக்கும் கோபமும் அப்படித்தான்.